மொட்டை மாடியில் ஒரு ஃப்ளோ சென்சார்

என் வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டில் வலி வந்தபோது, இனிமேல் குடம், பக்கெட் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனுஷர் வலியைக்கூடப் பெரிதாக நினைக்கவில்லை. "அப்போ கத்திரிக்கு யாரு தண்ணி ஊத்துறது?" என்று டாக்டரையே கேட்டார்.

திருவொற்றியூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் பாதி அவருடைய தோட்டம். கத்திரி, வெண்டை, பாகல், ஒரு பிடிவாதமான கறிவேப்பிலை. மீதிப் பாதி கீழ் வீட்டு அக்காவுடையது. அக்கா மீனவக் குடும்பம், கருவாட்டு வியாபாரம். தார்பாயை விரித்து நெத்திலியைக் காயப் போடுவார். எங்கள் வெண்டைப் பூவில் உட்காரும் வண்டுக்கும் அந்த வாசனை பழகிவிட்டிருந்தது.

நான் மணலியில் ஒரு ஃபேக்டரியில் கருவிகள் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். குழாயில் ஓடுவதை அளப்பதும் அடைப்பதும்தான் என் பிழைப்பு. அதனால் தோட்டத்துக்குத் தானியங்கி சொட்டு நீர் போட்டுவிடலாம் என்றேன். ஒரு டைமர், மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு வால்வு, தொட்டிக்குத் தொட்டி மெல்லிய குழாய். காலையில் நாங்கள் இருவரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு அதுவே திறந்து, அதுவே மூடிக்கொள்ளும். வீட்டுக்காரர் நாலு பேரிடம் பெருமையடித்துக்கொண்டார்.

ஒரு நாள் குழாய் ஒன்று இணைப்பிலிருந்து கழன்றுவிட்டது. டைமருக்கு அது எப்படித் தெரியும்? நேரம் முடிகிற வரைக்கும் திறந்தே வைத்திருந்தது. டேங்க் தண்ணீரெல்லாம் அக்காவின் தார்பாய்க்குப் போய்விட்டது. சாயங்காலம் நான் தெருமுனை திரும்பும்போதே குரல் கேட்டது.

"இன்னாம்மே, ஃபேக்டரில மிசினு மேய்க்கிறேன்னு சொல்லிகினு கீறே, உன் வூட்டு பைப்ப மேய்க்கத் தெர்லியா? காஞ்ச நெத்திலி மறுபடியும் கடலுக்குப் போய் வந்தா மாரி கீது பாரு!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஃப்ளோ சென்சார் வாங்கி வந்தேன். உள்ளங்கை அளவுதான். உள்ளே ஒரு குட்டிச் சக்கரம். தண்ணீர் ஓடினால் சுற்றும், அதிகமாக ஓடினால் வேகமாகச் சுற்றும். வழக்கமான வேகம் எது என்று ஒருமுறை கற்றுக்கொடுத்துவிட்டால், அதற்கு மேல் போகும்போது வால்வை மூடச் சொல்லும். என் போனுக்கும் செய்தி அனுப்பும்.

வால்வைத் தாண்டி, வளைவு இல்லாத நேர்க்குழாயில் இடம் குறித்தேன். வளைவை ஒட்டி வைத்தால் தண்ணீர் சுழன்று வரும், சக்கரம் தப்பாகச் சொல்லும். நான் குழாயை அறுக்க, வீட்டுக்காரர் குனியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடி பிடித்துக்கொண்டார். உள்ளே விழுந்த பிளாஸ்டிக் தூளைக் கழுவிவிட்டு, குழாயின் திருகு மரையில் டேப் சுற்றி, அம்புக்குறி தண்ணீர் போகும் பக்கம் பார்க்கும்படி மாட்டினேன். "இவ்ளோ அக்கறையா எனக்கு ஒரு நாளாவது தலைவாரி விட்டிருக்கியா?" என்றார்.

அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். வால்வைத் திறந்துவிட்டு, குழாயின் கடைசியில் இருக்கும் மூடியைக் கழற்றினேன். தண்ணீர் பீய்ச்சியது. கொஞ்ச நேரத்தில் 'டொக்' என்று வால்வு மூடிக்கொண்டது. அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "யம்மாடி! அதுக்கே தெரிது!"

சில வாரம் நிம்மதி. பிறகு, வேலையில் இருக்கும்போது போன் அலற ஆரம்பித்தது. தண்ணீர் அதிகமாக ஓடியது, வால்வு மூடப்பட்டது என்று செய்தி. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு கசிவும் இல்லை. மறுநாளும் அதே கதை. வால்வு பாதியில் மூடிக்கொண்டதால் கத்திரி துவண்டுபோனது. வீட்டுக்காரர் செடியைத் தடவிக்கொடுத்தார், அதுதான் தாங்கவில்லை.

ஒரு நாள் வேலைக்குத் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு மாடிப்படி அறைக்குள் நின்றேன். வால்வு திறந்ததும் அக்கா குடத்தோடு வந்தார். கடைசி மூடியைக் கழற்றிக் குடத்தில் பிடித்தார். 'டொக்'. "தோ, நின்னுபோச்சு சனியன்" என்று குழாயைத் திட்டிவிட்டு, மூடியைத் திரும்ப மாட்டி, அரைக் குடத்தோடு டேங்குக்குப் பின்னால் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

அங்கே மீன் வரும் தெர்மாகோல் பெட்டிகள். அவற்றில் மண். மண்ணில் கனகாம்பரம், தூதுவளை, விரல் நீளத்துக்குக் கீரை.

"அக்கா..."

திடுக்கிட்டுத் திரும்பியவர் முகத்தில் கோபம் இல்லை, வெட்கம். "அவரு செடிய பாத்து பாத்து எனக்கும் ஆச வந்துச்சு. கீழேருந்து தூக்கியார முட்டி வலிக்குது. அது மூடுறதுக்குள்ள அரைக் குடம் புடிச்சிருவேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"அன்னிக்கி அந்தக் கத்து கத்திட்டு, இன்னா மூஞ்சிய வச்சிகினு கேக்குறது?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளுக்கும் குழாய் இழுத்தேன். பெட்டிக்கு ஒரு சொட்டு முனை. தண்ணீரின் புது வேகத்தைச் சென்சாருக்குத் திரும்பக் கற்றுக்கொடுத்தேன். வீட்டுக்காரருக்கோ தலைகால் புரியவில்லை. கனகாம்பரத்துக்கு எவ்வளவு வெயில் வேண்டும் என்று அக்காவுக்குப் பாடம் நடத்தினார். மீன் கழுவின தண்ணீரை எந்தச் செடிக்கு ஊற்றலாம் என்று அக்கா அவருக்குச் சொன்னார். இருவரும் பேசி முடிக்கும்போது என் கையில் இருந்த டீ ஆறிவிட்டிருந்தது.

ஆடிக்காற்றில் ஒருமுறை நிஜமாகவே செய்தி வந்தது. எலி குழாயைக் கடித்துவிட்டது. நான் வந்து பார்த்தபோது வால்வு சரியாக மூடியிருந்தது, நெத்திலி காய்ந்தபடியே இருந்தது. கடிபட்ட இடத்தில் நைலான் வலை நூலை இறுக்கச் சுற்றி அக்கா முடிச்சுப் போட்டிருந்தார். அவிழ்க்கவே முடியவில்லை. நன்றாகத்தானே இருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.