வால்வெள்ளிக்கு ஓர் உண்மைப் பிரதி

என் அக்கா சீலாவின் கணவர் பேணாட் அத்தான் பாலையூற்றில் போட் எஞ்சின் திருத்துகிறவர். சல்லியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் மீனவர்கள் எஞ்சின்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அத்தானின் கையில் எப்போதும் கிறீஸ் இருக்கும். ஆனால் முற்றத்தில் நிற்கும் தொலைநோக்கியைத் தொட முன் இரண்டு தரம் சவர்க்காரம் போடுவார். எங்கள் வீட்டில் பிள்ளையைத் தூக்கக்கூட ஒருவரும் அப்படிக் கழுவியதில்லை. தொலைநோக்கியின் உடம்பு தண்ணீர்க் குழாய். கண்ணாடி மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது.

கடைகளுக்கு இடியப்பம் அவிக்க நான் விடியமுன் எழும்புவேன். அவர் அப்போது குனிந்து நின்று பார்ப்பதும் கொப்பியில் படம் கீறுவதுமாக இருப்பார். தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவேன். நாங்கள் கதைப்பது குறைவு.

ஒரு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, ஒருக்கா இதுக்குள்ள பாருங்கோ. ஒண்டா, ரெண்டா?”

“ரெண்டு, அத்தான்.”

அவர் கதிரையில் இருந்துவிட்டார். ஒரு மாதமாக அவர் பார்த்துவந்த வால்வெள்ளியின் தலை உடைந்திருந்தது.

உள்ளே என்ன நடக்கிறதென்று அவருடைய குழாயால் பார்க்க ஏலாது. விண்வெளியில் சுற்றும் பெரிய தொலைநோக்கியால் ஏலும். அவருடைய மகள் மெலனி ரவுண் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். அவள்தான் தேடிப் பிடித்தாள்: அவசரமான, பொறுக்க முடியாத விஷயங்களுக்கென்று அந்தத் தொலைநோக்கியின் இயக்குநர் கொஞ்ச மணித்தியாலங்களைத் தன் கையில் வைத்திருக்கிறாராம். ஆனால் வால்வெள்ளி சூரியனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாளுக்குப் பிறகு தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்ப முடியாது. வெயில் அதன் கண்ணைக் கெடுத்துவிடும்.

“ஆரும் கேக்கலாமோ? எஞ்சின்காரனும்?”

“ஓம் அப்பா. ஏன் பொறுக்க ஏலாதெண்டு எழுதி, நீங்க கீறினதையும் அனுப்பினாச் சரி.”

அத்தானுக்கு அது போதவில்லை. அவர் மனுக் கொடுத்த கந்தோர்களிலிருந்து சீல் இல்லாத கடதாசி எல்லாம் திரும்பி வந்திருக்கிறது. கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்தார். பங்குச் சுவாமியிடம் நற்சாட்சிப் பத்திரம் எடுத்தார். பிறகு கீறிய படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு, பிரதிகளை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் ஜெமீல் நானாவிடம் போனார். நானா வேலையிலிருந்து இளைப்பாறிய தபாலதிபர். அதே வீட்டுக்கு இடியப்பம் கொடுக்கப்போன நான் வாசல் படலையடியில் நின்றேன்.

“இது என்ன தம்பி, ரெண்டு புள்ளி?”

“வால்வெள்ளி, நானா. உண்மைப் பிரதியெண்டு ஒரு சீல் வேணும்.”

“மூலம் எங்க?”

அத்தான் கூரையைப் பார்த்தார். “மேல.”

“மூலத்தைக் காணாம நான் கையொப்பம் வெக்கிறல்ல.”

“அப்ப விடிய நாலரைக்கு வாங்கோ, காட்டுறன்.”

நானா குடையோடு வந்தார். புதனும் முகில், வியாழனும் முகில். வெள்ளிக்கிழமை வானம் வெளித்தது. அத்தான் அன்றைய தலையையும் கீறி முடித்தபின், நானா நெடுநேரம் குனிந்து நின்றார். “அல்லாஹ்வே, உடைஞ்சுதான் கிடக்கு” என்று சொல்லி, போன் வெளிச்சத்தில் இரண்டு படங்களிலும் கையொப்பம் வைத்தார்.

விஷயம் தெரிந்ததும் மெலனி கோபத்தில் குதித்தாள். செவ்வாயே எழுதி முடித்துவிட்டு, படத்துக்காகக் காத்திருந்தவள் அவள்.

“சீல் ஆர் அப்பா கேட்டது? நாலு நாள் போச்சு! அந்த இயக்குநருக்கு எங்கட கிராம சேவகரைத் தெரியுமோ?”

அத்தான் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார். அப்போது தொடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

மேசையில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன்.

“பிள்ளை, திங்கள் ரெண்டு புள்ளிக்கும் இடைவெளி ஒரு அரிசி. இண்டைக்கு ரெண்டு அரிசி” என்றேன் மெலனியிடம்.

மெலனி அடிமட்டம் எடுத்து அளந்தாள். “சித்தி! ஏன் பொறுக்க ஏலாதெண்டதுக்கு இதுதானே பதில்!”

அன்று பின்னேரமே அனுப்பினாள். சான்றிதழ்கள் அலுமாரிக்குள் போயின. அந்த மூன்று நாளும் அத்தான் மூன்று எஞ்சின்களைப் பிழையாகப் பூட்டிக் கழற்றினார். அக்கா திட்டிக்கொண்டே சோறு போட்டா. திங்கட்கிழமை பதில் வந்தது: தொலைநோக்கி பூமியை ஒரு தரம் சுற்றுகிற நேரம் தருவதாக. நான்கு நாளில் விலகிய அளவு தெரிந்ததால்தான் அவசரம் விளங்கியது என்று எழுதியிருந்தார்கள்.

வியாழக்கிழமை பார்த்தார்கள். வந்த படத்தை அத்தான் கண்ணுக்கு அருகில் பிடித்தார்.

“ரெண்டெண்டு சொல்லிப்போட்டம், தங்கச்சி. அஞ்சு துண்டு.”

மன்னிப்புக் கேட்கிறவர் போலச் சொன்னார். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

படத்தை உறையில் போட்டு நானாவிடம் கொண்டுபோனார். நானா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பழக்கத்தில் பேனையைத் திறந்தவர், திரும்ப மூடினார்.

“நல்ல வடிவு, தம்பி. ஆனா மூலம்?”

“வெயிலுக்குள்ள போயிட்டுது, நானா. ரெண்டு மாசத்தால மற்றப் பக்கத்தால வரும். பின்னேரத்தில காணலாம்.”

“அப்ப வரட்டும். நான் குடையோட வாறன்.”

படம் இப்போது எங்கள் அலுமாரிக் கண்ணாடியில் செருகியிருக்கிறது. கீழே கையொப்பத்துக்கு இடம் விட்டு அத்தான் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்.