புளி போட்டுக் கழுவிய ஓடு

எங்கள் சித்தப்பா செங்கல்பட்டில் ஒரு கல்லூரிச் சோதனைக்கூடத்தில் பாட்டில் கழுவுகிறவர். எங்கள் ஊரான புதுப்பட்டினத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் விஞ்ஞானி ஆகிவிடுவார். எனக்கு அதில் பெருமைதான்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பு முலாம் பூசும் பட்டறை ஒன்று வந்தது. ஆறே மாதத்தில் கிணற்றுத் தண்ணீர் கசந்தது, குடித்தால் வாந்தி. அப்பா போய்க் கத்திப் பார்த்தார், பயனில்லை. சித்தப்பாதான் வழி கண்டுபிடித்தார். இறால் ஓட்டை ஆசிட்டில் ஊறவைத்து, காஸ்டிக் சோடாவில் நாள் முழுக்கக் காய்ச்சி, கழுவி உலர்த்தினார். அடியில் துளையிட்ட பானையில் அதை நிரப்பி மேலே தண்ணீர் ஊற்றினால், கீழே கசப்பில்லாமல் சொட்டியது. செம்பையெல்லாம் ஓடு பிடித்துக்கொள்கிறதாம். வெள்ளை ஓடு நாளடைவில் நீலமானது.

"முழுக்க நீலமாயிடிச்சின்னா அதுக்கு மேல புடிக்காது. நான் வந்து மாத்தறேன், நீ கை வெக்காத" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். பிடித்த செம்பு எங்கே போகும் என்று சொல்லவில்லை.

அவர் வரத் தாமதமானது. வீட்டில் செப்புக்குடம் துலக்குவது என் வேலை. புளி போட்டால் எந்தக் களிம்பும் போகும் என்று எனக்குத் தெரியும். நீல ஓட்டை ஒரு சட்டியில் கொட்டிப் புளியைக் கரைத்து ஊற்றினேன். நீலம் கழன்று தண்ணீரில் இறங்கியது, ஓடு வெளுத்தது. பூரித்துப்போனேன். அந்தப் புளித்தண்ணீரை வழக்கம்போல வாசலில் இருந்த கழுநீர்ப் பானையில் ஊற்றினேன். அடுத்த வீட்டு அத்தை கழுநீரை எடுத்துப்போய்த் தன் ஆட்டுக்கு வைப்பாள். புருஷனைக் கடலில் பறிகொடுத்தவள் அவள். அந்த ஒற்றை ஆட்டின் பாலை விற்றுத்தான் சாப்பிட்டாள்.

மறுநாள் ஆடு பச்சையாய்க் கழிந்து, நுரை தள்ளிச் செத்தது. அத்தை அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னாடி ஆச்சு ஒனக்கு, நேத்துகூட நல்லா குடிச்சியே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். ஓடிப்போய் வெள்ளை ஓட்டைக் காட்டினேன்.

"நீலத் தண்ணிய எங்க ஊத்தன?"

பானையைக் காட்டினேன். அவர் முகம் வெளிறிப்போனது. நேரே அத்தையிடம் போய், "அக்கா, பாம்பு தீண்டிக்கீது, வேற ஒண்ணுமில்ல" என்றார். கல்லூரியில் வேலை செய்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அத்தை நம்பினாள். நானும் நம்பினேன்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அத்தை யார் வீட்டிலாவது பால் கேட்டு வாங்கிப் போய்ப் புற்றுக்கு ஊற்றினாள். சொம்பைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். அந்தப் பாம்பின்மேல் எனக்கு அவ்வளவு கோபம். சித்தப்பா மட்டும் அந்தக் கிழமைகளில் ஊர்ப்பக்கம் வருவதே இல்லை. கல்லூரியில் வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.