கேப்டன் மோகனைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தது

1. இன்ஜின் நின்ற பிறகு

ஜூலை மாதம், வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணி. பஹ்ரைனிலிருந்து வந்த எங்கள் சரக்கு விமானம் ஷார்ஜாவில் வந்து நின்று நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. சரக்கு பாதி இறங்கிவிட்டது. டெக் லாக் புத்தகம் மட்டும் கீழே வரவில்லை. விமானம் வந்ததும் பைலட் அந்தப் புத்தகத்தில் குறை ஏதும் உண்டா இல்லையா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துச் சரிசெய்து கையெழுத்துப் போடும் லைன் இன்ஜினியர் நான். புத்தகம் வராமல் என் வேலை ஓடாது.

கோ-பைலட் ஃபரூக், லாகூர்க்காரப் பையன், எப்போதோ இறங்கி வேனில் ஏசியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். "கேப்டன் எங்கேடா?" என்று இந்தியில் கேட்டேன். "ஆத்தா ஹூ போலா, பாய். மாலும் நஹி" என்று தோளைக் குலுக்கினான். வருகிறேன் என்றாராம், அதற்கு மேல் தெரியாதாம். நல்ல பிள்ளை!

எரிச்சலோடு படியேறினேன். காக்பிட்டில் கேப்டன் மோகன் பெல்ட்கூட கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். உள்ளே பவர் கிடையாது, ஏசி கிடையாது, மீட்டர் எல்லாம் செத்துக் கிடக்கிறது. வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டி, காலரிலிருந்து வியர்வை சொட்டுகிறது.

"சார், என்ன சார் இது? எறங்குங்க, வெந்து போயிருவீங்க."

"ரெண்டாம் நம்பர் இன்ஜின் நிக்கல, சேவியர்."

"நின்னாச்சு சார். நான்தானே கீழ நின்னு பாத்தேன்."

"ஓடுது. எனக்குக் கேக்குது. நீங்க எல்லாரும் சேர்ந்து எங்கிட்ட பொய் சொல்றீங்க."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். கெஞ்சுவது மாதிரி சொன்னார். நானே பெல்ட்டைக் கழற்றி, கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்து இரண்டாம் நம்பர் இன்ஜின் முன்னால் நிறுத்தினேன். அவர் அதன் கவரில் காதை வைத்துக் கேட்டார். சரக்கு இறக்குகிற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம் கழித்து, "ஆமாம், நின்னுடுச்சு" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர்.

சனிக்கிழமை காலை அவருக்கு மறுபடி பஹ்ரைன் டியூட்டி இருந்தது.

2. வாயால் சொல்லும் ஸ்னாக்

இது அன்றைக்கு ஆரம்பித்ததில்லை. ஆரம்பித்து ஆறு மாதம் ஆகியிருந்தது, அதில் என் கையும் உண்டு.

எங்கள் தொழிலில் விமானத்தின் குறைக்கு ஸ்னாக் என்று பெயர். பைலட் அதைப் புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதிவிட்டால் அதை முடிக்காமல் விமானம் கிளம்ப முடியாது. ஒரே ஸ்னாக் மூன்று தடவை எழுதப்பட்டால் ஆபீஸில் மணி அடிக்கும், ஆள்மேல் ஆள் வந்து விசாரிப்பான். அதனால் எழுதாமல் வாயால் சொல்லிவிட்டுப் போவது ஒரு பழக்கம். "சும்மா பாத்து வையி" என்பார்கள், நாமும் பாத்து வைப்போம். எல்லா ஊரிலும் உண்டு. இப்போதுள்ள பிள்ளைகள் இல்லை என்பார்கள். போங்கடா, எனக்குத் தெரியாதா?

கேப்டன் மோகன் திருச்சிக்காரர். அந்தச் சின்னக் கம்பெனியில் தமிழ் பேச எனக்கு அவர், அவருக்கு நான். நான் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக்காரன், அஜ்மானில் ஒரு ரூமில் நாலு பேர். நாலு பேருக்கும் நாலு ஷிஃப்ட். எப்போது போனாலும் எவனாவது தூங்கிக்கொண்டிருப்பான், லைட் போடக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது. ஒரு நாளில் நான் வாய்விட்டுப் பேசுவது கேப்டனிடம் மட்டும்தான், விமானத்தின் இறக்கை நிழலில் நின்று, பத்து நிமிஷம். சாம்பார் சரியில்லை என்பார், கிரிக்கெட்டைத் திட்டுவார். தோளில் நாலு பட்டை போட்ட கேப்டன் ஒரு இன்ஜினியரிடம் அப்படி நின்று பேச வேண்டிய அவசியம் கிடையாது.

அந்த ஜனவரியில் அவர் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு கனடா போய்விட்டார். விடுமுறைக்குப் போகவில்லை, ஒரேயடியாகப் போனது. அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, "காக்பிட்ல வயர் கருகுற வாசனை வருது, பாத்துடு" என்றார்.

பார்த்தேன். பேனல் திறந்து, சீட்டுக்குப் பின்னால், ஏசி டக்ட் உள்ளே. ஒன்றுமில்லை. அடுத்த வாரமும் வாசனை. அதற்கடுத்த வாரமும். ஃபரூக்கைக் கேட்டால் "மாஃபி ஸ்மெல்", வாசனையே இல்லை என்று கையை விரித்தான். மூன்றாவது தடவை கேப்டன் பேனாவை எடுத்துப் புத்தகத்தில் எழுதப் போனார். நான்தான் தடுத்தேன்.

"வேண்டாம் சார், எழுதாதீங்க. எழுதினா கூப்பிட்டுக் கேள்வி கேப்பான். எங்கிட்ட சொல்லுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

பேனாவை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் வாசனை, சத்தம், அதிர்வு என்று வாரத்துக்கு ஒன்று சொல்வார். நான் ஒவ்வொன்றையும் ஒழுங்காகத் தேடினேன். இல்லாததைத் தேடுகிறேன் என்று இரண்டாம் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. தூக்கம் வரலைப்பா என்றும் நடுவில் சொன்னார். "கசகசா போட்டுப் பால் குடிங்க சார்" என்றேன். பெரிய வைத்தியன் நான்!

3. வெள்ளிக்கிழமை

வியாழன் சாயந்திரம் ரூமுக்கு வெளியே மாடிப்படியில் நின்று வீட்டுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் என் மனைவி பிலோமி பொரிந்து தள்ளிவிட்டாள்.

"உங்களுக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு? அவரு பெரிய கேப்டனு. நாளைக்கு உங்க விசாவ கேன்சல் பண்ணி ஏத்தி விட்டாம்னா என்ன செய்வீய? பிள்ளைய ரெண்டும் படிக்குல்லா?"

"அதுக்கில்லட்டி. அவரு பொழைப்பே போயிரும். பறக்காம அவரால இருக்க முடியாது. அந்த மனுசனுக்கு வேற ஒண்ணுமே இல்ல."

பிறகு மெதுவாகக் கேட்டாள். "அந்த பிளேன்ல கூட ஒரு பையன் போவாம்லா? அவன் வீட்டுல யாரு இருக்கா?"

ஃபரூக்குக்கு லாகூரில் அம்மா மட்டும். எனக்கு அது தெரியும். ஆனாலும் தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மாதா கோயில் பூசைக்குப் போனேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். முன்னால் நாலைந்து பேர், எல்லாம் நர்ஸ் பிள்ளைகள். என் முறை வந்ததும் விலகி வெளியே வந்துவிட்டேன். சொன்னால் பாவமா, சொல்லாவிட்டால் பாவமா என்றே தெரியவில்லை, சாமியாரிடம் என்னத்தைப் போய்ச் சொல்ல? கோயில் வாசலில் ஊர்ப்பட்ட ஜனம். ஒருவனைக் கூப்பிட்டு இதைக் கேட்க எனக்கு ஆளில்லை. இப்படி ஒரு விஷயம் வந்தால் நான் போய்க் கேட்கக்கூடிய ஒரே ஆள் கேப்டன் மோகன்தான். கொடுமையைப் பாருங்கள்.

அதனால் அவரிடமே போனேன். துபாய் தேராவில் மூன்றாம் மாடி ஃப்ளாட். கதவைத் திறந்தவர் யூனிஃபார்மில் இருந்தார், லீவு நாளில், வீட்டுக்குள். ஹாலில் மகளின் சைக்கிள் அப்படியே நின்றது. டீ போட்டுத் தந்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார், நானும் சொல்லவில்லை.

"சார், நாளைக்குப் போகாதீங்க. உடம்பு சரியில்லேன்னு சிக் சொல்லிருங்க."

"எனக்கு என்ன?"

"நேத்து நடந்தத நெனச்சுப் பாருங்க சார். நீங்களே ஆபீஸ்ல சொல்லிட்டு டாக்டர பாருங்க. இல்லேன்னா நான் எழுதிக் கொடுக்க வேண்டி வரும்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீயா? நீ எழுதுவியா?" என்றார். "இந்த ஊர்ல நான் பேசறது ஒங்கிட்ட மட்டும்தான், சேவியர்."

"எனக்கும் அப்படித்தான் சார்" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

4. இரண்டு கடிதம்

பேர் போடாமல் எழுதிப் பெட்டியில் போட ஆபீஸில் ஃபார்ம் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டியை வாரத்துக்கு ஒருமுறைதான் திறப்பார்கள், விமானம் நாளைக் காலை. வெள்ளைத் தாளில் சீஃப் பைலட் பேருக்கு நேராக எழுதினேன். வியாழக்கிழமை நடந்ததை மட்டும் எழுதினேன். படித்துப் பார்த்தால் சுத்தமாக இருந்தது. நான் யோக்கியன், கேப்டன் மட்டும் குற்றவாளி என்கிற மாதிரி. எனக்கே அருவருப்பாகிவிட்டது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். ஜனவரியிலிருந்து அவர் வாயால் சொன்ன ஒவ்வொரு ஸ்னாக்கும், நான் தேடியதும், புத்தகத்தில் எழுதவிடாமல் தடுத்ததும், எல்லாம். கையெழுத்து, என் லைசென்ஸ் நம்பர்.

சனிக்கிழமை விடிந்ததும் சீஃப் பைலட் அறையில் நின்றேன். அவர் ஜோர்டான்காரர், அதிகம் பேசமாட்டார். இரண்டு தடவை படித்தார். ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், எத்தனை நாளாக இது உனக்குத் தெரியும் என்று.

"சிக்ஸ் மந்த்ஸ், சார்."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "கலாஸ். நீ போ" என்றார். கலாஸ் என்றால் முடிந்தது. கேப்டன் ஏற்கெனவே கீழே வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வேனுக்காக நின்றிருந்தார். அவரைக் கூப்பிட்டு மேலே அனுப்பினார்கள். என்னைக் கடந்துதான் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு வார்னிங் லெட்டர் வந்தது. ஒரு மாதம் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை, ஹாங்கரில் உட்கார்ந்து ஸ்டோர் லிஸ்ட் சரிபார்க்கச் சொன்னார்கள். அது நியாயம்தான். தாங்க முடியாதது மற்றது. பைலட்டுகள் என்னிடம் பேச்சைக் குறைத்தார்கள். புத்தகத்தைக் கொடுப்பார்கள், வாங்குவார்கள், அவ்வளவுதான். ஃபரூக் கூட வேறு பக்கம் பார்த்தான். கேப்டனுக்கு நாலைந்து தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. பல நாள் ஒரு வார்த்தை தமிழ் பேசாமல் டியூட்டி முடித்து அஜ்மான் பஸ் ஏறியிருக்கிறேன்.

5. கேஃப்டீரியாவில்

நவம்பர் மாதம், பகல் டியூட்டி. கார்கோ கேட்டுக்கு வெளியே மலையாளி நடத்தும் கேஃப்டீரியாவுக்கு டீ குடிக்கப் போனால், மூலை மேஜையில் கேப்டன் மோகன். இளைத்திருந்தார். பேச்சு நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது, மாத்திரை என்று அவரே சொன்னார். பறக்கத் தேவையான மெடிக்கல் சர்டிஃபிகேட் திரும்பக் கிடைக்கவில்லை, விசா கேன்சல் பண்ண வந்திருக்கிறார், மறுநாள் திருச்சிக்கு ஒரேயடியாகப் போகிறார்.

"உக்காரு, சேவியர்."

செருப்பால் அடிப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு மாதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். "என்னை மன்னிச்சிருங்க சார்."

"எதுக்கு?"

"எழுதிக் கொடுத்ததுக்கு."

"எழுதினதுக்கா?" அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "அன்னைக்கு நான் ஏறியிருந்தா அந்தப் பையனையும் சேர்த்துக் கொன்னிருப்பேனோ என்னவோ. அது இருக்கட்டும். டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? ஜனவரியிலேயே வந்திருந்தா கொஞ்ச மாசம் ரெஸ்ட்ல சரி பண்ணியிருக்கலாம், திரும்பப் பறக்கவும் வழி இருந்திருக்கும்னார். ஆறு மாசம் முத்த விட்டாச்சுன்னார்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"வாசனை வருதுன்னு நான் வாரா வாரம் ஒங்கிட்ட வந்து சொன்னேன்ல. நீ ஒவ்வொரு தடவையும் போய் பிளேனைப் பாத்தே. ஒரு தடவை என்னைப் பாத்திருக்கலாம்."

சத்தமே போடாமல்தான் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார், டாக்ஸியை நிறுத்தி ஏறிப் போய்விட்டார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கூட வேலை செய்கிற ஆளுக்குத் தூக்கமில்லை, இல்லாத சத்தம் கேட்கிறது என்றால், அவன் பிழைப்பு போய்விடுமே என்று மூடி வைக்காதீர்கள். மூடி வைத்ததில்தான் அவர் பிழைப்பு போயிற்று. சொல்வதா வேண்டாமா என்று வியாழனிலிருந்து சனி வரை தவித்ததைத்தான் நான் பெரிய சோதனை என்று நினைத்திருந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவரை நான் காட்டிக் கொடுத்தது சனிக்கிழமை இல்லை. பேனாவை மூட வைத்த அன்றைக்கு.