நுரை மருந்தும் மயிலாத்தாளின் பால் கேனும்

மீனாட்சிபுரம் பக்கத்துப் பால் சங்கம் ஒன்றில் எங்கள் பெராக்சைடு சென்சாருக்கு முதல் ஃபீல்டு ட்ரையல். பால் கெடாமலிருக்கச் சிலர் ஹைட்ரஜன் பெராக்சைடு கலப்பார்கள். அதைப் பிடிப்பதுதான் சென்சாரின் வேலை. விரல் நீள ஸ்ட்ரிப்பின் நுனியில் கார்பன் நானோ குழாயும் வெள்ளி நானோ துகளும் பூசியிருக்கும். ஒரு சொட்டுப் பால் விட்டால் போதும். பெராக்சைடு இருந்தால் கரண்ட் ஏறும், ஸ்ட்ரிப்பைச் செருகிய ரீடர் கருவி கத்தும். லேபில் அது கத்தும்போதெல்லாம் கைதட்டினோம். ஊருக்குள் கத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் மேதைகள் யாரும் யோசிக்கவில்லை.

கத்தியது மயிலாத்தாள் அக்காவின் பாலுக்கு. சங்கத்திலேயே நல்ல பால் என்று பேர் வாங்கியவர். சங்கத்து செக்ரட்டரி, பால் ஊற்ற நின்ற வரிசை முழுக்கக் கேட்கும்படி, "ஏனுங்க, நீங்களே மருந்து கலக்குனா நாங்க ஆரத்தான் நம்பறது? இனி உங்க பாலு வேண்டாமுங்க" என்றார்.

"எம்மாட்டு மேல சத்தியமுங்க, ஒண்ணும் கலக்குலீங்க" என்ற அக்காவுக்குக் குரல் உடைந்தது. பாலக்காட்டிலிருந்து எங்கள் கம்பெனி மேனேஜரோ, "முதல் நாளே பிடிச்சுட்டோமே" என்று போனில் குதூகலித்தார்.

மாலைக் கறவைக்கு அக்கா வீட்டுக்கே போனேன். மடியிலிருந்து நேராக என் கண்ணாடி பீக்கரில் பால் பிடித்துப் பார்த்தேன், ரீடர் மூச்சுவிடவில்லை. அதே பாலை அவர் கேனில் ஊற்றிப் பார்த்தேன், கத்தியது.

"கேனை எதுலக்கா கழுவுனீங்க?"

"மாட்டுக் காலுப் புண்ணுக்கு டாக்டரு குடுத்த நுரை மருந்துலீங்க. மெசினு வெச்சுப் பாக்க ஆபீசருங்க வராங்கன்னாங்க. கேனுல அழுக்கிருந்தா மானம் போயிருமேன்னு ரெண்டு வேளையும் அதுலயே அலசுனேனுங்க."

அந்த நுரை மருந்து பெராக்சைடேதான். பெண் பார்க்க வருகிறவர்களுக்காக வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல, என் சென்சாருக்காகக் கேனை அலசியிருக்கிறார். சென்சார் சொன்னது சரி, அக்கா சொன்னதும் சரி. பாலில் என்ன இருக்கிறது என்று மட்டும்தான் ஸ்ட்ரிப் சொல்லும். எப்படி வந்தது என்பதை நாம்தான் போய்க் கேட்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இதை மறக்க வேண்டாம்.

மறுநாள் காலை வெந்நீரில் கழுவிய கேனோடு அக்கா வந்தார். ரீடர் அமைதி. நான் விஷயத்தைச் சொன்னதும் செக்ரட்டரி தாழ்ந்த குரலில், "செரிங்க, ஊத்துங்க" என்றார்.

அக்கா ஊற்றவில்லை. "நேத்து ஊருக்கே கேக்கறாப்புல சொன்னீங்கல்லங்க. இன்னைக்கும் அப்படியே சொல்லுங்க."

செக்ரட்டரி என்னைப் பார்த்தார். நான் ஸ்ட்ரிப்பைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மயிலாத்தாக்கா பாலு சுத்தமுங்க" என்று வரிசைக் கடைசிவரை கேட்கச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அக்கா கேனைச் சாய்த்தார்.