ஒரு சாண் அன்னம்

நாற்பது வருஷத்துக்கு மேலாக ஆரணியில் பட்டு நெய்கிறேன். அத்தனை வருஷமும் பிறர் போட்டுக் கொடுத்த டிசைனைத்தான் நெய்தேன். ஒரே ஒரு முறை, போன தை மாதம், புடவையின் முந்தியில் நானே வரைந்த அன்னம் ஏறியது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் கிராப் தாளில் கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்பத் தெரியும். அலகிலிருந்து வால் வரை சரியாக ஒரு சாண். என் சாண். வழக்கமாக டிசைன் போடுகிறவர் அதை வாங்கிப் பார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. அவர் குறை சொல்லாமல் விட்ட தாளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதலாளி அந்தப் புடவையைச் சென்னையில் யாரோ ஒரு கல்யாணப் பெண்ணுக்காகக் கேட்டிருந்தார். ஒன்றே ஒன்றுதான். போனால் போனதுதான், மறுபடி என் கண்ணில் படாது. அதனால் போவதற்கு முன் அன்னத்தைப் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, தறிக்கு எதிர்ச் சுவரில் மாட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். உள்ளங்கை அளவுப் படம் எனக்கு வேண்டாம். ஒரு சாண் அன்னம் ஒரு சாணாகவே இருக்க வேண்டும்.

தறியில் இருக்கும்போதே மருமகள் தன் போனில் படம் எடுத்து, என் போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். புடவையைத் தறியிலிருந்து அறுத்து மடித்து வைத்தோம். முதலாளியின் ஆள் மறுநாள் மூன்று மணிக்கு வந்து எடுத்துப் போவார் என்று ஏற்பாடு. அந்த மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் நான் பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கும் ஸ்டுடியோவுக்குப் போய்விட்டேன்.

ஸ்டுடியோவை நடத்துவது முப்பது வயசுப் பெண். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஆயா, இத்த இவ்ளோ பெர்சா போட முடியாது. கட்டம் கட்டமா ஒடையுது பாருங்க."

பார்த்தேன். நான் வளைத்து வளைத்துப் போட்ட கழுத்து, படிக்கட்டு மாதிரி நின்றது. அது எனக்குப் புதுசாக இல்லை.

"கம்மி கட்டத்துல போட்ட டிசைன அகலமா இழுத்தா இப்பிடித்தாம்மா ஆவும். கட்டம் ஜாஸ்தி வோணும். அதான?"

அவள் நாற்காலியோடு திரும்பினாள். "கம்ப்யூட்டர் படிச்சிகிறீங்களா ஆயா?"

"தறியில படிச்சன்."

வாட்ஸ்அப்பில் வந்தால் படம் சுருங்கித்தான் வரும், எடுத்த போனில் முழுசாக இருக்கும், அதை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள் என்றாள். மருமகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அடுப்பு வேலையை முடித்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு அனுப்பினாள். திறந்தால், கழுத்து வழவழவென்று வளைந்தது. இழை இழையாக எண்ணலாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போடும்மா, போடும்மா என்று ஸ்டுடியோப் பெண்ணின் தோளைத் தட்டினேன்.

அவள் மட்டும் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"இன்னா ஆயா இது, ஜரிகையெல்லாம் குறுக்கால தளர்வா ஓடிகினு இருக்குது? எங்கம்மா பட்டுப்பொடவைய உள்பக்கம் திருப்புனா இப்பிடித்தான் இருக்கும்."

அவள் சொன்னது சரிதான். எங்கள் தறியில் நல்ல பக்கம் கீழே பார்த்துத்தான் இருக்கும். நெய்கிறவள் நாளெல்லாம் பார்ப்பது பின்பக்கம். நல்ல பக்கத்தைப் பார்க்க அடியில் ஒரு கண்ணாடி வைத்திருப்போம். பழகின கண்ணுக்குப் பின்பக்கமே முகமாகிவிட்டது. அதையே படம் எடுத்து, அதையே மாட்டவும் இருந்தேன்.

"பொடவை கீதா, பூட்ச்சா?"

"மூணு மணிக்குப் பூடும்."

"அப்ப ஜல்தியா போங்க. பக்கத்துல ஒரு இன்ச் டேப்பு வெச்சி எடுங்க. அத்த வெச்சி அளவு சரியா கொண்டாந்துர்றன்."

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, அதை வாசலிலேயே நிற்கச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டு மருமகள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஒரு மாசமா அதும் முன்னாலயே குந்திகினு இருந்தீங்க, எந்தப் பக்கம்னு தெர்லயா அத்தை?"

"எடுத்தவ நீதானே. கைய கழுவிகினு வா."

வெளிச்சம் விழுகிற வாசல் ஓரமாகக் கட்டிலை இழுத்துப் போட்டு, முந்தியை நல்ல பக்கம் மேலே தெரிய விரித்தோம். கரையை ஒட்டி டேப்பை வைத்தேன். அவள் ஸ்டூல் மேல் ஏறி, போனை நேர் கீழாகப் பிடித்து, நாலு படம் எடுத்தாள். அதற்குள் முதலாளியின் ஆள் வந்துவிட்டார். மணி ரெண்டுதான்.

"இன்னாங்க, மடிச்ச பொடவைய மறுபடி விரிச்சிகினு கீறீங்க?"

"நீங்க சொன்ன நேரம் மூணு. குந்துங்க, மோர் குடிங்க."

அவர் குந்தவில்லை. முந்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அன்னம் சோக்கா கீதுங்க. யாரு போட்டது?"

மருமகள் ஸ்டூல் மேலிருந்தே என்னைக் கை காட்டினாள். நான் அவள் போனைக் கையோடு வாங்கிக்கொண்டு வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறிவிட்டேன். புடவை போவதை நின்று பார்க்க வேண்டும் என்று எத்தனையோ நாளாக நினைத்திருந்தேன். அன்று அது ஞாபகத்துக்கே வரவில்லை.

ஸ்டுடியோவில் இன்னொரு சிக்கல். அவளிடம் இருக்கும் தாள் ரெண்டடி அகலம்தான்.

"முழு முந்தியும் வோணும்னா அன்னம் சின்னதாய்டும். அன்னம் சைசுக்கே வோணும்னா மீதிய வெட்டணும். எது ஆயா?"

"அன்னம்" என்றேன். "ஒரு பக்கம் கரைய மட்டும் வெட்டாம உட்டுடு. கரை இல்லாம முந்தி நிக்காது."

திரையில் புடவையின் அரக்கு நிறம் ரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. புடவையைத் தறியிலிருந்து அறுத்தபோது முடிந்து வைத்த அரக்கு நூலை மடியிலிருந்து எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவள் முகம் சுளிக்காமல், நூலும் திரையும் ஒன்றாகும்வரை சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். டேப்பின் கோடுகளை வைத்து அளவைச் சரிபார்த்த பிறகு, படத்திலிருந்து டேப்பை வெட்டி எடுத்தாள்.

பிரிண்ட் மெல்ல மெல்ல இறங்கியது. முதலில் கொண்டை, பிறகு அலகு, கழுத்து.

"காயட்டும் ஆயா, கை வெக்காதீங்க."

காயும்வரை நின்றேன். அப்புறம் கையை விரித்து வைத்தேன். அலகில் கட்டை விரல். வாலில் சுண்டு விரல். மயிரிழை பிசகவில்லை.

ரோலாகச் சுற்றித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். ஒரு அட்டையில் ஒட்டச் சொல்லி வாங்கி, நல்ல பக்கம் வெளியே தெரியும்படி நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, கடைத்தெரு வழியாக வீடு வரைக்கும் நடந்தே போனேன்.