மீனின் வயிற்றில் இருந்த ஈசல்

கொட்டச்சேட்டு ஓடைப் பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காப்பிப் பழத்தோல் புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது. சிறுவயதில் நான் இங்கே பிடித்துக்கொண்டுபோகும் சின்னக் கெண்டைகளைக் கீறும்போது அம்மா குடலையும் பிதுக்கிப் பார்ப்பார். வெயில் விழும் பாறையோரத்து மீனுக்குள் பச்சைப்பாசி இருக்கும், மரநிழல் மடுவில் பிடித்ததற்குள் எறும்பும் ஈசலும் இருக்கும். ஆழமான அந்த மடுவுக்கு நான் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

“பாறைகிட்டப் புடிச்சேன்னியே கண்ணு, பாறையிலயா ஈசல் மொளைக்குது?” என்பார்.

இன்று அதே மடுவில் எஸ்டேட் கழிவுநீர் பழுப்பாக நுரைத்து நிற்கிறது.

“வெறும் பழத்தோலுதானுங்க, மீனுக்கு நொம்ப நல்ல தீனி” என்றார் எஸ்டேட் கேட்டில் நின்ற கணக்கெழுதும் ரைட்டர்.

“தின்கிற மீன் ஒன்றைக் காட்டுங்கள்” என்றேன்.

அவர் தண்ணீர்ப் பக்கம் திரும்பாமலே கேட்டைச் சாத்தினார்.