கதை ஒன்று, நிஜம் ஒன்று, ஒரு அலுமாரிக் கதவு

பழைய புத்தகம் வாங்கி விற்கிறவனை ஒரு வீட்டுக்காரர் தானாகக் கூப்பிட்டால், அந்த வீட்டில் யாரோ செத்திருப்பார்கள், இல்லாவிட்டால் யாரோ வெளிநாட்டுக்குப் போயிருப்பார்கள்; எதுவானாலும் நாம் போய் முதலில் சொல்கிற வார்த்தை "இதெல்லாம் ஓடாதுங்க" என்பதுதான். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சகோதரங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் இழவு வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து விலை பேசியவர்கள்தானே.

நான் ஏழாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி, கண்டியில் ஒரு கழிவுக் கடதாசிக் கடையில் கட்டுப் பிரித்தவன். அச்சடித்த எதையும் முதலில் தராசில் போட்டுத்தான் படித்தேன். அப்புறம்தான் கண்ணால். இப்போது டவுனுக்குள் ஒடுக்கமான ஒரு மாடிப்படி ஏறினால் என் சொந்தக் கடை. எனக்கு வாய் பெரிசு, கோபம் அதைவிடப் பெரிசு. அந்த இரண்டும் இல்லாவிட்டால் இன்னும் கடதாசிக் கட்டுத்தான் பிரித்துக்கொண்டிருப்பேன். அந்த இரண்டும் என்ன செய்துவைத்தன என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

பலகை

புத்தகம் குவிந்துகிடந்தது, ஆள் வரவில்லை. அதனால் ஒரு பலகை வைத்தேன். நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் 'கதை', அந்தப் பக்கம் 'நிஜம்'. மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் வாசகர்கள் வரலாம், பால் இல்லாத பிளேன்டீ இலவசம். அந்த மாதம் வாசித்ததில் பிடித்த கதைப்புத்தகம் ஒன்று, பிடித்த நிஜப்புத்தகம் ஒன்று, ஏன் பிடித்தது என்று இரண்டு வரி. சொந்தக் கையால் கடதாசித் துண்டில் எழுதிப் பலகையில் குத்த வேண்டும். பேராதனை ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை செய்கிற பரீதா மிஸ்ஸி எல்லாத் துண்டுகளையும் உரக்க வாசிப்பார். ஊசி போட்டுப் பழகிய குரல். யாரும் இடையில் பேச மாட்டார்கள். ஒருவர் புகழ்ந்த புத்தகத்தை மற்றவர் தேடுவார், நான் விலையைக் கொஞ்சம் ஏற்றுவேன். மாதம் முடிந்ததும் துண்டுகளைக் கழற்றி நாலாக வெட்டி, பின்பக்க வெள்ளையில் விலை எழுதிப் புத்தகத்துக்குள் செருகிவிடுவேன். கடதாசியை வீணாக்க மனம் வராத ஆள் நான்.

கீழ்க்கடையில் துணி விற்கிற நசார் நானா மூன்று மாதமாக ஒரே கதைப்புத்தகத்தின் பெயரையே எழுதிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "நானா, இது என்ன பள்ளிக்கூட இம்போசிஷனா? வேற ஒண்ண வாங்குங்க" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "இன்னும் வாசிச்சி முடிக்கல்ல தம்பி. அதாலதான் இன்னும் விருப்பமா இரிக்கி."

அழிறப்பர்

என்னிடம் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் பாதி விலை கொடுப்பேன். ஒரே நிபந்தனை, கிறுக்கியிருக்கக் கூடாது. கிறுக்கல் உள்ள புத்தகத்தை வாங்குகிறவன் அதைக் காட்டியே விலையைக் குறைப்பான். நானே அப்படிக் குறைத்து வாங்கியவன், எனக்குத் தெரியாதா? அதனால் பென்சில் கோடு எதைக் கண்டாலும் அழித்துவிட்டுத்தான் தட்டில் ஏற்றுவேன். முன்பக்கத்தில் பெயர் எழுதியிருந்தால் அந்தத் தாளையே கிழித்துவிடுவேன்.

நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற தேவராஜ் சேருக்குப் பென்சில் இல்லாமல் வாசிக்க வராது. ஓரமெல்லாம் எழுதுவார். 'இது பொய்', 'எங்க அப்பாவும் இப்படித்தான்', 'இந்த இடத்தில் ரஞ்சனி அழுதாள்'. ரஞ்சனி அவர் மனைவி. இவர் வாசிக்க அவர் கேட்பாராம். ஒருநாள் தடித்த புத்தகம் ஒன்றை அப்படியே கிறுக்கிக் கொண்டுவந்து நீட்டினார். எனக்கு ஏறிவிட்டது. "சேர், இது உங்க பிள்ளைங்களோட கொப்பி இல்ல. உட்காருங்க. அழிச்சிட்டுப் போங்க" என்று அழிறப்பரைக் கையில் திணித்தேன். அவரும் கோபப்பட்டிருந்தால் சமமாகியிருக்கும். மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பார்க்க, பக்கம் பக்கமாக அழித்தார். கடைசியில் தூளை ஊதிவிட்டுப் புத்தகத்தை என்னிடம் தந்து சொன்னார்: "இப்ப இது ஊமையாப் போச்சு முதலாளி, இனி நல்ல விலைக்குப் போகும்."

விமர்சனம்

அதே தேவராஜ் சேர் இரண்டு பாக நாவல் ஒன்றுக்கு ஆசைப்பட்டார். அவர் கண்ணைப் பார்த்துத்தான் விலை சொன்னேன், அதாவது மும்மடங்கு. அவர் மாடிப்படியில் பாதி இறங்கினார், திரும்ப ஏறினார். நான் சத்தியம் பண்ணினேன். அவர் மறுபடியும் இறங்கினார். மூன்றாவது தடவை, சொன்னதில் மூன்றில் ஒரு பங்குக்கு எடுத்துக்கொண்டு போனார். அதிலும் எனக்கு லாபம்தான்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு பரீதா மிஸ்ஸி அவருடைய துண்டை எடுத்தார். வழக்கத்தைவிட மெதுவாக வாசித்தார். "கதை: முதலாளி முதலில் சொன்ன விலை. நிஜம்: முதலாளி கடைசியில் வாங்கிய விலை. இரண்டில் கதையே சிறந்தது, கற்பனை வளம் அதிகம். அனைவரும் தவறாது கேட்க வேண்டும்." கடை குலுங்கியது. நசார் நானாவுக்குப் பிளேன்டீ மூக்கால் வந்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. கள்ளன் என்று என்னை நேரே கூப்பிட்டவர்கள் உண்டு, அது தொழில். என் பலகையில், என் துண்டில், என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டா? "இனி என் படியில கால் வைக்காதீங்க சேர்" என்று கத்தினேன். அவர் எழும்பி, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் துண்டை மட்டும் நான் வெட்டவில்லை. மனம் இளகி அவரைக் கூப்பிட்டுவிடுவேனோ என்று பயந்து, தினமும் கண்ணில் படட்டும் என்று என் அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன். புத்தக முதுகு ஒட்டுகிற பசை, காய்ந்தால் மரத்தோடு மரம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பரீதா மிஸ்ஸி கைப்பையை எடுத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணன், இத்தின நாள்ல இங்க நடந்த ஒரே உண்மையான விமர்சனம் இதுதான்."

ஒரு பக்கம் வெறுமை

அடுத்த மாதம் தேவராஜ் சேர் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஃபோனை இரண்டு தடவை எடுத்தேன், அலுமாரியைத் திறந்து பார்த்தேன், வைத்துவிட்டேன்.

பிறகு அந்த மழை. மலைநாட்டில் இருந்த எல்லாருக்கும் தெரியும், நான் என்ன எழுதுவது? கரண்ட் இல்லை, பாதை இல்லை, ஃபோன் இல்லை. சேர் இருந்த லயத்து வீட்டு வரிசைக்கு மேலே மலை பிளந்து இறங்கியிருக்கிறது. ரஞ்சனி பல்லேகலயில் ஒரு ஃபெக்டரியில் வேலை. வீட்டுக்குப் போகப் பாதை இல்லாமல் அங்கேயே தங்கிப்போனதால் உயிர் மிஞ்சியது. சேரை மூன்றாம் நாள் எடுத்தார்கள். எனக்குச் செய்தி வந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. நான் போயிருந்தாலும் எந்த முகத்தோடு போயிருப்பேன்?

அந்த மாதக் கடைசி ஞாயிறும் பலகையை வைத்தேன். பழக்கம். அரைவாசிப் பேர் வந்தார்கள். எல்லாரும் நிஜம் பக்கம் ஏதோ எழுதிக் குத்தினார்கள். மண்ணைப் பற்றி, மழையைப் பற்றி, எப்போதோ வாசித்தது. கதைப் பக்கத்தில் ஒரு துண்டுகூட இல்லை. நசார் நானாவும் தன் புத்தகத்தின் பெயரை எழுதவில்லை. "என்ன நானா, முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டுமே. அவர் பலகையைப் பார்த்தபடியே சொன்னார்: "இந்த மாசத்துக்கு நெஜம் ஒண்டே போதும் தம்பி."

சுத்தம்

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து ரஞ்சனி மாடிப்படி ஏறி வந்தார். முன்பின் பார்த்ததில்லை. "நான் தேவராஜ் சேரோட மனைவிங்க" என்றார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"ஃபோன்ல படம் இருக்குங்க. குரல்கூட இருக்கு. எழுதினது ஒண்ணும் இல்ல. வீட்ல இருந்ததெல்லாம் மண்ணுக்குள்ள. பள்ளிக்கூடத்து ரெஜிஸ்டரெல்லாம் தண்ணில ஊறி கூழாப் போச்சு. பிள்ளைங்க கொப்பி நாலு கெடைச்சிச்சு, அதுல சிவப்பு மையில சரி போட்டிருக்காரு. எழுத்து இல்ல. மாசாமாசம் இங்க எழுதிக் குடுக்குறதா சொல்வாரு. அதுல ஒண்ணு குடுத்தீங்கன்னா போதும்."

மாசாமாசம் எழுதியதை நான் நாலாக வெட்டி, பின்னால் விலை போட்டு, எவர் எவர் வீட்டுக்கோ அனுப்பிவிட்டேன். இதை எப்படிச் சொல்வது? மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. அது மூன்றடி தூரத்தில், மூடிய கதவுக்கு உள்ளே இருக்கிறது. அதை அந்த நிமிஷமே நினைத்தேன். நினைத்தும் திறக்கவில்லை. செத்துப்போன மனிதர் விட்டுப்போன ஒரே எழுத்து, நான் கள்ளன் என்பதா? அதை அவர் மனைவி என் முன்னால் நின்று வாசிப்பதா? வேறு ஏதாவது அகப்படும், அதைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த நேரத்திலும் மலிவாக முடிக்கத்தான் பார்த்தேன்.

தேடினோம். பரீதா மிஸ்ஸியையும் ஃபோன் பண்ணிக் கூப்பிட்டேன். மூன்று பேரும் தட்டுத் தட்டாக இறக்கினோம். சேர் திருப்பித் தந்த புத்தகங்களில் ஒன்பது இன்னும் விற்காமல் இருந்தன. ரஞ்சனி ஒவ்வொன்றாக விரித்தார். ஓரமெல்லாம் வெள்ளை. ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன், பென்சில் பதிந்த தடமாவது தெரியுமா என்று. மனிதர் அழுத்தி எழுதுகிறவர் இல்லை. ஒரு விலைத்துண்டின் பின்னால் 'மிகவும் பிடித்த' என்று பாதி வரி அகப்பட்டது. ரஞ்சனி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது அவரோடது இல்லங்க" என்று திரும்ப உள்ளே வைத்தார்.

ஒன்பதாவது புத்தகம், ஸ்டூலில் உட்கார வைத்து அழிக்கச் சொன்ன அதே தடித்த புத்தகம். ரஞ்சனிக்கு அதை அடையாளம் தெரிந்தது. "இத அவரு எனக்கு ராவு ராவா வாசிச்சுக் காட்டினாருங்க" என்று ஒரு பக்கத்தைத் தேடி எடுத்து ஓரத்தை விரலால் தடவினார். 'இந்த இடத்தில் ரஞ்சனி அழுதாள்' என்று இருந்த இடமாகத்தான் இருக்க வேண்டும். புத்தகத்தை மூடி, மற்ற எட்டின் மேல் நேராக அடுக்கிவைத்துவிட்டுச் சொன்னார்: "எல்லாத்தையும் ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க முதலாளி."

கதவு

அவர் படிக்கட்டு வரை போய்விட்டார். செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. பரீதா மிஸ்ஸி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

"இருங்கம்மா" என்று கத்தினேன். எனக்கு மெதுவாகக் கூப்பிட வராது. அலுமாரியைத் திறந்தேன். ரஞ்சனி செருப்போடு உள்ளே வந்து, குனிந்து வாசித்தார். வாசித்துவிட்டுத் திரும்ப முதலில் இருந்து வாசித்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். அழுததும் பிறகு நடந்தது, அதை எழுதவில்லை. "வீட்லயும் உங்களப் பத்தி இதத்தாங்க சொல்வாரு. அடுத்த மாசம் போய் சமாதானம் ஆகணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. ரெண்டாம் பாகத்த வாசிச்சு முடிச்சிட்டுப் போறேன்னாரு" என்றார்.

துண்டைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று சவரத் தகட்டை நுனியில் விட்டேன். கடதாசி உரிந்து வரப் பார்த்தது, 'கதை' என்ற சொல்லின் ஓரம் வெளுத்தது. கையை எடுத்துவிட்டேன். கோபத்தில் ஒட்டிய பசை, ஒன்றும் செய்ய முடியாது. நசார் நானாவைக் கூப்பிட்டு, கீலில் இருந்த ஆணி எல்லாம் கழற்றி, கதவையே எடுத்தோம். தேக்குக் கதவு. அந்த அலுமாரியை ஒரு பெரிய பங்களாவில் மூன்று மணித்தியாலம் பேசி வாங்கினேன். நானா தன் கடைத் துணியில் கதவைச் சுற்றி, துணி ஏற்றுகிற தன் வானிலேயே பல்லேகலவுக்கு ஏற்றிவிட்டார். வானில் ஏறி உட்கார்ந்த ரஞ்சனி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "கதவுக்கு மொதல்ல என்ன விலை சொல்லுவீங்க முதலாளி?"

நல்லதாக எழுதியதையெல்லாம் நாலாக வெட்டி விற்றவன், என்னைத் திட்டி எழுதியதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன் சகோதரங்களே, என் வியாபாரத்தின் லட்சணம் அவ்வளவுதான்.